பத்துப் பேர், ஒரு மேசை: விசேஷ விருந்துக்கு உணவகம் தேர்ந்தெடுப்பது பற்றிச் சில குறிப்புகள்

"சென்னையில் நல்ல ரெஸ்டாரன்ட் எது?" என்ற கேள்விக்கு ஆயிரம் பதில் கிடைக்கும். "அப்பாவின் 75ஆவது பிறந்த நாளுக்கு, வெள்ளிக்கிழமை ராத்திரி, பத்துப் பேரை எங்கே கூட்டிப்போவது?" என்ற கேள்விக்கு ஒரு பதிலும் தேறாது. இரண்டும் ஒரே கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் கணக்கு வேறு. முதலாவது சராசரியைப் பற்றிய கேள்வி. இரண்டாவது, ஒரே ஒரு ராத்திரியில் யாருக்கு எது கெட்டுப்போகலாம் என்பதைப் பற்றியது.

எங்கள் வீட்டில் சில மாதங்களுக்கு முன் இந்த இரண்டாவது கேள்வி வந்தது. அப்போது எடுத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன். மேசையில் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இரண்டு காதிலும் ஹியரிங் எய்ட், கூடவே சர்க்கரை. அம்மா வெள்ளிக்கிழமை அசைவம் தொடமாட்டார். பெரியப்பாவுக்கு 81 வயது, முட்டி வலி. தங்கையின் பையனுக்கு நாலு வயசு. தம்பி புதிதாகத் தொழில் ஆரம்பித்திருக்கிறான். பில் வந்தால் "பாதி நான்" என்று கட்டாயம் நிற்பான். மீதி ஐந்து பேருக்குப் பெரிதாகப் பிரச்சினை ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டு மேசையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

நட்சத்திரம் எதைச் சொல்கிறது

முதலில் ரேட்டிங். ஓர் இடத்துக்கு 4.8, ஆனால் 40 பேர்தான் மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்னொரு இடத்துக்கு 4.4, மதிப்பிட்டவர்கள் 3,000 பேர். எது மேல்? புள்ளியியலில் இதற்கு எளிய வழி உண்டு. எல்லா உணவகத்துக்கும் ஊர்ச் சராசரியில், உதாரணத்துக்கு 4.1இல், 200 ஓட்டுகளை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அதன் மேல் உண்மையான ஓட்டுகளைச் சேருங்கள். முதல் இடம் (40 × 4.8 + 200 × 4.1) ÷ 240 = 4.22 ஆகிறது. இரண்டாவது (3,000 × 4.4 + 200 × 4.1) ÷ 3,200 = 4.38. குறைந்த சாட்சியை வைத்துக்கொண்டு பெரிதாகப் பேசுகிறவரைக் கொஞ்சம் தட்டி உட்கார வைக்கும் கணக்கு இது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் திருத்தம் செய்த பிறகும் ஒரு பிரச்சினை மிஞ்சுகிறது. அந்த 3,000 பேரில் எத்தனை பேர் வெள்ளி ராத்திரி பத்துப் பேராகப் போனவர்கள்? மதியம் இரண்டு பேராகப் போய் பிரியாணி சாப்பிட்டவர், வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிட்டவர், ஆபீஸ் பார்ட்டிக்குப் போனவர் எல்லோருமே அதில் கலந்திருக்கிறார்கள்.

ஒற்றை மதிப்பெண்ணின் வரலாற்றைப் பார்த்தாலும் இது புரியும். பிரான்சின் மிஷெலின் டயர் கம்பெனி, கார் ஓட்டுகிறவர்களுக்காக 1900இல் ஒரு கையேடு போட்டது. 1926இல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்து, 1931இல் அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்தார்கள். அந்த நட்சத்திரம் தட்டில் இருக்கும் சாப்பாட்டுக்கு மட்டுமே என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நாற்காலிக்கோ, சத்தத்துக்கோ, வாசல் படிக்கோ அதில் மார்க் இல்லை. 1979இல் நியூயார்க்கில் ஒரு தம்பதி ஆரம்பித்த ஸகாட் கையேட்டில் சாப்பாடு, அலங்காரம், உபசரிப்பு மூன்றுக்கும் தனித்தனியே 30க்கு மதிப்பெண் போட்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் உருப்படியான முறை. இப்போது நாம் ஃபோனில் பார்க்கும் ஒற்றை எண்ணில் இது எல்லாம் ஒரே குழம்பாகிவிட்டது.

ஆக, ரேட்டிங் மோசமான இடங்களைக் கழிக்க உதவும். 4.3க்கும் 4.5க்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல அது உதவாது.

பத்தின் பெருக்கல்

ஓர் உணவகத்தில் ஒருவருக்குச் சாப்பாடு திருப்தியாக அமையும் வாய்ப்பு 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இடம்தான். இரண்டு பேர் போனால் இருவருக்கும் திருப்தியாக இருக்கும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம். பத்துப் பேர் போனால்? 0.95ஐப் பத்து தடவை பெருக்கிப் பாருங்கள். 60 சதவீதம்தான் வரும். அதாவது ஐந்து தடவை போனால் இரண்டு தடவை யாராவது ஒருவர் முகம் சுருங்கும். 99 சதவீத இடமாக இருந்தால் இதே பெருக்கல் 90இல் நிற்கிறது.

ஒவ்வொருவர் திருப்தியும் தனித்தனி நிகழ்வு என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் கிச்சன் சொதப்பினால் எல்லாருக்கும் சேர்த்தேதான் சொதப்பும். இருந்தாலும் பாடம் மாறாது. கூட்டம் பெரிதாக ஆக, உச்சத்தில் பிரமாதமாக இருக்கும் இடத்தைவிட, அடியில் மோசமாகாத இடம்தான் வேண்டும். சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது பழகிய விஷயம். சர்வர் சராசரியாக எவ்வளவு வேகம் என்று நாங்கள் பார்ப்பதில்லை. நூறில் மிக மோசமான அந்த ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் பார்ப்போம். விசேஷ விருந்தில் அந்த நூறில் ஒன்று நம் அப்பாவாக இருக்கலாம்.

அதனால் தேர்வு விதியை இப்படி வைத்துக்கொண்டேன்: ஒவ்வோர் இடத்துக்கும், அங்கே மிக அதிகமாகக் கஷ்டப்படப் போகிறவர் யார், எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் எழுது. அந்தக் கஷ்டம் எங்கே மிகக் குறைவோ அங்கே போ.

காது: "கேக்குது, ஆனா புரியல"

இதை யாரும் விமர்சனத்தில் எழுதுவதில்லை. ஆனால் 70 வயதைத் தாண்டியவர் இருக்கும் மேசையில் முதல் கேள்வி இதுதான்.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை. பேச்சில் உயிரெழுத்துகள் உரத்தவை, தாழ்ந்த அதிர்வெண். ச, ஸ, ஃப போன்றவை மெல்லியவை, உயர்ந்த அதிர்வெண். அதனால்தான் பெரியவர்கள் "நீ பேசறது கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியல" என்கிறார்கள். ஹியரிங் எய்ட் போட்டால் பக்கத்து மேசைச் சிரிப்பும் தட்டுச் சத்தமும் சேர்ந்தே பெரிதாகும்.

1911இல் எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். நிறைந்த உணவகத்தில் இது சங்கிலித் தொடராகிறது. நீங்கள் உரக்கப் பேசுவதால் பக்கத்து மேசை இன்னும் உரக்கப் பேசுகிறது. அதைக் கேட்டு அடுத்த மேசை. எட்டே முக்காலுக்கு மொத்த அறையும் கத்திக்கொண்டிருக்கும்.

ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். பத்துப் பேர் உட்காரும் நீள மேசை கிட்டத்தட்ட மூன்று மீட்டர். ஒரு கோடியில் இருப்பவர் பேச்சு மறுகோடிக்குப் போகும்போது 9 டெசிபலுக்கு மேல் போய்விடுகிறது. அறைச் சத்தம் 75 என்றால் அந்தக் குரல் மூழ்கிவிட்டது என்று அர்த்தம். பத்துப் பேர் வட்ட மேசைக்கு விட்டம் ஆறடி போதும். அதில் யாரும் யாருக்கும் இரண்டு மீட்டரைத் தாண்டி இல்லை. எனவே "வட்ட மேசை இருக்கா?" என்பது சின்னக் கேள்வி இல்லை.

அறையை ஒரு பார்வை பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், துணி விரிக்காத மேசை, வெறும் கான்கிரீட் கூரை, நடுவில் திறந்த கிச்சன் என்றால் சத்தம் போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும். கார்ப்பெட், திரைச்சீலை, மெத்தை நாற்காலி, மேசைத் துணி எல்லாம் சத்தத்தை விழுங்கும். ஃபோனில் டெசிபல் அளக்கும் செயலியைப் போட்டுப் பார்க்கலாம். எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும்.

வெளிச்சமும் காதோடு சேர்ந்த விஷயம்தான். காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்கிறார்கள். மெழுகுவர்த்தி மட்டும் எரியும் அறையில் அதுவும் போயிற்று. விருந்துக்கு நாயகரான மனிதர் இரண்டு மணி நேரம் வெறுமனே புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாமும் அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம்.

மணி: ஏன் ஏழு, ஏன் எட்டரை இல்லை

வரிசைக் கோட்பாட்டில் ஓர் அடிப்படைச் சூத்திரம் உண்டு. ஒரே ஓர் அடுப்பு, ஒரு பண்டத்துக்குச் சராசரி 10 நிமிடம். அடுப்பு பாதி நேரம் சும்மா இருந்தால் ஆர்டர் கொடுத்துச் சராசரியாக 20 நிமிடத்தில் தட்டு வரும். அடுப்புக்கு 80 சதவீத நேரம் வேலை இருந்தால் 50 நிமிடம். 90 சதவீதம் என்றால் 100 நிமிடம். வேலை கொஞ்சம்தான் கூடியது, காத்திருப்பு இரட்டிப்பாகிவிட்டது. நிஜக் கிச்சனில் பல அடுப்பு, பல கை. அதனால் இவ்வளவு மோசமாகாது. ஆனால் வளைகோட்டின் வடிவம் அதேதான். நிரம்புகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது, நிரம்பிய பிறகு திடீரென்று எல்லாம் தாமதம்.

சென்னையில் வெள்ளி, சனி ராத்திரி எட்டரை என்பது அந்த வளைகோட்டின் செங்குத்தான இடம். ஏழு மணிக்கு உட்கார்ந்துவிட்டால் அதற்கு முன்னாலேயே உங்கள் ஆர்டர் உள்ளே போய்விடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவருக்கு இது சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை. தினம் ஏழரைக்குச் சாப்பிடுகிறவரை ஒன்பதரை வரை காக்க வைத்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். கிண்டி கிராண்ட் சோழாவில் உள்ள அவர்தனா மாதிரி இடங்களில் சின்னச் சின்னதாகப் பல சுற்றுகள் வரும். அதை ரசிக்கிற இரண்டு பேர், நாலு பேர் போனால் அருமை. நாலு வயசுப் பையனையும் 81 வயதுப் பெரியப்பாவையும் வைத்துக்கொண்டு அது நடக்காது.

"எனக்கு எதுனாலும் சரி"

குடும்பத்தில் இப்படிச் சொல்கிறவர்தான் கவனிக்க வேண்டியவர். வெள்ளிக்கிழமை, கிருத்திகை, அமாவாசை, புரட்டாசி மாதம், சபரிமலைக்கு மாலை போட்ட நாட்கள் என்று நம் காலண்டரில் விருந்துத் தேதிக்குக் குறுக்கே நிற்கும் விஷயங்கள் நிறைய. அசைவ உணவகத்தில் சைவப் பக்கம் ஒன்று இருக்கத்தான் செய்யும். பன்னீரும் காளானும் மாறி மாறி வரும். "நீங்க சாப்பிடுங்க, எனக்குத் தயிர் சாதம் போதும்" என்று அம்மா சொல்வார். உண்மையிலேயே போதுமா, வேறு வழியில்லாமல் போதுமா என்று யாரும் கேட்பதில்லை.

வழி இரண்டு. ஒன்று, தேதியை ஒரு நாள் தள்ளிவைப்பது. பிறந்த நாள் வெள்ளிக்கிழமை என்றால் விருந்தும் அன்றைக்கே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. இன்னொன்று, சைவமே பிரதானமான இடத்துக்குப் போவது. அசைவம் சாப்பிடுகிறவர் ஒரு ராத்திரி சைவம் சாப்பிட்டால் அவருக்கு இழப்பு கொஞ்சம்தான். மறுபக்கம் இழப்பு முழுச் சாப்பாடு.

படி, லிஃப்ட், கழிப்பறை

நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டைப் பக்கம் பழைய பங்களாக்களை உணவகமாக மாற்றியிருக்கிறார்கள். மரமும் முற்றமுமாக அழகாகத்தான் இருக்கும். வாசலில் ஐந்து படி, கைப்பிடி இருக்காது. கழிப்பறை மாடியில் இருக்கும். வணிக வளாகத்தில் என்றால் லிஃப்ட் உண்டு, ஆனால் கார் நிறுத்தும் தளத்திலிருந்து அந்த லிஃப்டுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். மழைக் காலமானால் காரிலிருந்து வாசல் வரை கூரை இருக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலை என்றால் அரை மணி கூடுதல்.

பில்

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் கையில். அதற்கு வெளியே பார் உரிமம் பெரும்பாலும் தங்கும் அறைகள் உள்ள ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். சென்னையில் "விசேஷ டின்னர்" என்றாலே ஸ்டார் ஓட்டல் என்று ஆனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் ஊகம். உங்கள் மேசையில் குடிப்பவர் யாரும் இல்லையென்றால் அந்தக் காரணம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் கார்ப்பெட், விசாலமான மேசை, சாய்தளம், அதே தளத்தில் கழிப்பறை என்று மேலே சொன்ன பலதும் அங்கேதான் ஒழுங்காக இருக்கின்றன. அதற்கு என்ன விலை?

தனி உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். தலைக்கு 3,000 வீதம் பத்துப் பேருக்கு 30,000 என்று வையுங்கள். முதல் இடத்தில் 31,500. இரண்டாவதில் 35,400. அங்கே 10 சதவீத சேவைக் கட்டணமும் போட்டு அதன் மேலும் வரி போட்டால் 38,940. அதே விலைப் பட்டியலுக்கு 7,440 ரூபாய் வித்தியாசம். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தார். வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அப்பாவின் பிறந்த நாளன்று பில் மேசையில் நின்று வாதாடவா போகிறோம்? புக்கிங் செய்யும்போதே கேட்டு முடித்துவிடுவது நல்லது.

பணத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. விலை போட்ட மெனுவைப் பெரியவர்கள் கையில் கொடுத்தால் அவர்கள் வலது ஓரத்தைத்தான் படிப்பார்கள். மலிவானதைப் பார்த்து "இது போதும்பா" என்பார்கள். முன்கூட்டியே மெனுவை முடிவுசெய்து, முன்பணமும் கட்டிவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. "பாதி நான்" என்று தம்பி நிற்க வேண்டிய அவசியமும் வராது. கிச்சனுக்கும் முன்னாலேயே தெரிவதால் தட்டும் சீக்கிரம் வரும்.

புது இடமா, தெரிந்த இடமா?

கணினியியலில் "பல கை சூதாட்ட இயந்திரம்" என்றொரு புகழ்பெற்ற கணக்கு. தெரிந்த இயந்திரத்தையே இழுப்பதா, புதிதை முயன்று பார்ப்பதா? விடை, இன்னும் எத்தனை ஆட்டம் மிச்சம் என்பதைப் பொறுத்தது. நிறைய மிச்சமிருந்தால் புதிதை முயலலாம். அது மோசமாக இருந்தாலும் கற்றது பிறகு உதவும். கடைசி ஆட்டம் என்றால் தெரிந்ததைத்தான் இழுக்க வேண்டும். 75ஆவது பிறந்த நாள் ஒரு தடவைதான் வரும். பரிசோதனைக்கு அது நாளில்லை.

புது இடம்தான் வேண்டுமென்றால் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரண்டு வாரம் முன்னால், அதே கிழமை, அதே மணிக்கு, இரண்டு பேர் போய் ஒரு சூப் குடித்துவிட்டு வாருங்கள். மதியம் போய்ப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. காலி அறை எல்லாமே அமைதியாகத்தான் இருக்கும்.

முடிவு நன்றாக இருக்கட்டும்

1993இல் டேனியல் கானமனும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தடவை 60 விநாடி கையை மிகக் குளிர்ந்த நீரில் வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 விநாடி, பிறகு நீர் லேசாக வெதுவெதுப்பாக ஆக இன்னும் 30 விநாடி. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றால் பெரும்பாலோர் நீளமானதைத்தான் சொன்னார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம். ஆனால் நினைவில் தங்குவது உச்சமும் முடிவும். விருந்தின் முடிவு என்பது கேக் வெட்டுவது இல்லை, வாசலில் கார் வரக் காத்திருக்கும் கடைசி இருபது நிமிடம். இனிப்பு வரும்போதே காரைக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் உட்கார்ந்தபடியே காத்திருக்கட்டும்.

ஃபோனில் கேட்க வேண்டியவை

பட்டியலை மூன்று நாலு இடத்துக்குக் குறைத்த பிறகு, மாலை நேரத்தில் ஃபோன் செய்து இவற்றைக் கேளுங்கள்:

1. பத்துப் பேருக்கு வட்ட மேசை உண்டா? ஸ்பீக்கர், கிச்சன் கதவு பக்கம் இல்லாமல் மூலையில் கிடைக்குமா?
2. அன்றைக்குப் பாட்டுக் கச்சேரி, மேட்ச் ஒளிபரப்பு ஏதாவது உண்டா?
3. வாசலில் எத்தனை படி? கழிப்பறை அதே தளத்திலா?
4. மெனுவை முன்னாலேயே சொன்னால் ஏழே காலுக்கு முதல் தட்டு வருமா?
5. வரி எத்தனை சதவீதம்? சேவைக் கட்டணம் சேர்ப்பீர்களா?

பதிலைவிட, பதில் சொல்கிற விதத்தைக் கவனியுங்கள். "எல்லாம் இருக்கு சார், வாங்க" என்றால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். "இருங்க, படி எத்தனைன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்துபோய் எண்ணிவிட்டு வருகிறவர் இருக்கும் இடத்தில் மற்றதும் சரியாகத்தான் இருக்கும். நாங்கள் தேர்ந்தெடுத்தது அப்படி ஒருவர் ஃபோன் எடுத்த இடம். ரேட்டிங் வரிசையில் அது முதல் பத்தில்கூட இல்லை.